கேட் சாவி யாரிடம் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

சித்தரேவுப் பக்கம் மலையடிவாரத்தில் உங்களுக்கு மாந்தோப்பு இருப்பதையும், போன கோடையில் வேலி வரைக்கும் வந்து நின்ற தீயைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன், அடிவார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு தீ வரைபடம் போட்டுத் தருகிறேன் என்கிறாராம். "செயற்கைக்கோளே பார்த்துச் சொல்லிவிடுகிறதே, இவன் படம் எதற்கு? போட்டாலும் கேட்பார் உண்டா?" என்பது உங்கள் கேள்வி. அதற்கான பதில் அஞ்சலட்டையில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அய்யம்பாளையத்திலிருந்து தேவதானப்பட்டி வரைக்கும் மலையை ஒட்டித் தோப்பு வைத்திருக்கிற எத்தனையோ பேருக்கு இதே சந்தேகம் இருக்கும். அதனால் எல்லோரும் பார்க்கவே எழுதுகிறேன்.

நான் வத்தலக்குண்டுக்காரன். மாசி, பங்குனி ராத்திரிகளில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு மேற்கே பார்த்தால், கொடைக்கானல் மலைச்சரிவில் தீ ஒரு கோடாக ஊர்ந்து போவது தெரியும். மலைக்கு மாலை போட்ட மாதிரி இருக்கும். சின்ன வயதில் அதை அழகு என்றுதான் நினைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மலை எரியுது, மழை பெஞ்சாத்தான் அணையும்" என்று சொல்லிவிட்டுப் பாயை உதறிப் போடுவாள். ஊர் மொத்தத்துக்கும் அவ்வளவுதான் அதில் சம்பந்தம். மலை மேலே இருக்கிறது, நாம் கீழே இருக்கிறோம். மஞ்சளாற்றில் தண்ணீர் குறைந்தால் மட்டும் மலை ஞாபகம் வரும்.

அந்த நினைப்பை 2018 கலைத்தது. மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்த இரண்டு குழுக்கள் புல்வெளித் தீயில் சிக்கிக்கொண்டன. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. மலையிலும் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை வைத்தது. மலையேற்றத்துக்கு அந்த வருடமே விதிகளும் வந்தன. ஆனால் எனக்கு உறுத்துவது வேறொன்று. மாட்டிக்கொண்டவர்களுக்குத் தீ கண்ணுக்குத் தெரிந்தது. எந்தப் பக்கம் ஓடுவது என்பதுதான் தெரியவில்லை. தீ எங்கே என்ற கேள்விக்கு விடை கிடைத்தவுடன் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம் பாருங்கள், உங்கள் முதல் கேள்வி அங்கேதான் நிற்கிறது. முதலில் செயற்கைக்கோளைப் பார்த்துவிடுவோம்.

டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் காட்டுத்தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. தொடக்கத்தில் டெர்ரா, அக்வா என்ற இரண்டு அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் உள்ள 'மோடிஸ்' கருவி. பிறகு சுவோமி என்பிபி என்ற செயற்கைக்கோளின் 'வீர்ஸ்' கருவியும் சேர்ந்தது. 2019 ஜனவரியில் இந்த ஏற்பாட்டின் மூன்றாம் பதிப்பு வந்தது. வனத்துறை அலுவலர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. நீங்களும் நானும்கூட எண்ணைப் பதிவு செய்துகொண்டு நம் பகுதிக்கான எச்சரிக்கையை வாங்கலாம். இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மகனைவிட்டு இன்றைக்கே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அது சொல்வது என்ன என்று புரிந்துகொள்ள வேண்டும். கருவி வானத்திலிருந்து தரையின் சூட்டை அளக்கிறது. வீர்ஸின் ஒரு கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 35 ஏக்கர். மோடிஸின் கட்டம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது 247 ஏக்கர். அந்தக் கட்டத்துக்குள் எங்கேயோ தீ இருக்கிறது என்றுதான் புள்ளி சொல்கிறது. புள்ளி வைத்த இடத்திலேயே தீ இருக்கவேண்டும் என்பதில்லை. நம் மலையில் 35 ஏக்கர் என்றால் அதற்குள் ஓர் ஓடை, ஒரு செங்குத்துப் பாறை, இரண்டு பேருடைய காப்பித் தோட்டம் எல்லாம் அடங்கிவிடும். புள்ளியை நம்பி ஓடையின் இந்தக் கரையில் ஏறிய ஆள், தீ அந்தக் கரையில் இருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கி ஏறுவதற்குள் ஒன்றரை மணி நேரம் போகும்.

இன்னொன்று நேரம். வீர்ஸ் நம் தலைக்கு மேலே வருவது பகல் ஒன்றரை மணி வாக்கில், அப்புறம் ராத்திரி ஒன்றரை மணி வாக்கில். பகல் மூன்று மணிக்குப் பற்றிய புல்லை அது பார்க்க நள்ளிரவு தாண்ட வேண்டும். பார்த்ததைத் தரைநிலையம் வாங்கி, சலித்து, அனுப்ப மேலும் நேரம் பிடிக்கும். பங்குனி வெயிலில் காய்ந்த போதைப்புல் அதுவரைக்கும் காத்திருக்காது. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேலே ஏறும், தீயும் கூடவே ஏறும். சரிவு பத்து டிகிரி கூடினால் தீயின் வேகம் இரட்டிப்பாகும் என்பது தீயணைப்புக்காரர்களின் கைக்கணக்கு. முப்பது டிகிரிச் சரிவில் சமதளத்தைப் போல எட்டு மடங்கு.

மூன்றாவது விஷயம்தான் நம்மைப் போன்ற அடிவாரத்துக்காரர்களுக்கு முக்கியம். செங்கல் சூளை, கரும்புச் சோகை எரிக்கும் வயல் எல்லாமே செயற்கைக்கோளுக்குச் சூடுதான். அதனால் வனப்பரப்பின் எல்லையை வைத்துச் சலித்துவிட்டுத்தான் எச்சரிக்கையை வனத்துறைக்கு அனுப்புகிறார்கள். சலிக்காவிட்டால் வனவரின் கைப்பேசி ஓயாமல் அடித்துக்கொண்டே இருக்கும், அதுவும் சரிதான். ஆனால் நம் பக்கத்தில் தீ எத்தனை தடவை காட்டுக்குள்ளேயே பிறக்கிறது? பட்டா நிலத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். தோட்டத்து ஓரம் உண்ணிச்செடிப் புதரை அழிக்கத் தீ வைக்கிறோம். காட்ரோட்டுக்கு மேலே வளைவுகளில் வண்டியை நிறுத்தி, டம் டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்த்துவிட்டு, கையிலிருந்ததைச் சுண்டிவிட்டுப் போகிறவர் ஒருவர் போதும். முதல் மழைக்குப் புதுப்புல் வரட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைக்கும் தீயும் உண்டு. இவற்றில் பாதி, சல்லடையின் ஓட்டை வழியாக விழுந்துவிடுகிற தீ. பட்டாவில் பிறந்து காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் அதற்குப் பெயர் காட்டுத்தீ.

ஆக, செயற்கைக்கோள் செய்வது தகவல் சொல்லும் வேலை. உங்கள் மகன் செய்ய நினைப்பது அதற்கு முந்திய வேலை. தீ பிறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். காடுகளின் நலனுக்கென்று 2003இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. ஊரோ கவுண்ட்டியோ தன் பகுதிக்கான காட்டுத்தீப் பாதுகாப்புத் திட்டத்தைத் தானே தயாரிக்கலாம். நம் மாவட்டத்துக்கும் தாலுகாவுக்கும் நடுவிலான அளவு என்று கவுண்ட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி, உள்ளூர்த் தீயணைப்பு நிலையம், மாநில வனத்துறை மூன்றும் அதில் கையெழுத்துப் போடவேண்டும். எந்தச் சரிவில் எரிபொருள் அதிகம், முதலில் எதைச் சுத்தம் செய்வது, வீடுகள் தீப்பிடிக்காமல் என்ன மாற்றலாம் என்பதையெல்லாம் வரைபடத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கூட்டரசுப் பணம் வரும்போது திட்டம் வைத்திருக்கிற ஊருக்கு முன்னுரிமை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் குரங்கணி எரிந்த அதே 2018இல், நவம்பர் 8ஆம் தேதி கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். எந்தப் பகுதி மக்கள் எப்போது வெளியேறுவது என்று மண்டலம் பிரித்துத் திட்டம் வைத்திருந்த ஊர் அது. ஒத்திகைகூடப் பார்த்திருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியபோது சாலை தாங்கவில்லை. படம் இருந்தும் பாதை போதவில்லை.

இதைச் சொல்வது உங்கள் மகனின் உற்சாகத்தில் தண்ணீர் ஊற்ற இல்லை. படத்தில் என்ன இருக்கவேண்டும் என்று யோசிக்கத்தான்.

அவர் கணினியில் என்ன செய்வார் என்று எனக்கு ஓரளவு தெரியும். கியூஜிஐஎஸ் என்று இலவச மென்பொருள் இருக்கிறது. மலையின் உயர விவரம் 30 மீட்டர் கட்டங்களாகச் சும்மாவே கிடைக்கிறது. அதிலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு சரிவு, எந்தச் சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று எடுத்துவிடலாம். ஐரோப்பியர்களின் சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் துல்லியத்தில் படம் தருகின்றன. அதில் போன வருடங்களில் எரிந்த தழும்புகளை வருடம் வருடமாகப் பிரித்துப் பார்க்கலாம். இஸ்ரோவின் புவன் தளம் இருக்கிறது. சரிவு, புல், சாலையிலிருந்து தூரம், குடியிருப்பிலிருந்து தூரம், பழைய தீ, இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போட்டுக் கூட்டினால் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று அழகான படம் வரும். ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்.

அந்தப் படத்தைக் கொண்டுபோய் பேரூராட்சிச் சுவரில் மாட்டினால் காலண்டர் மாதிரி இருக்கும். மேட்டுப் புல்வெளி சிவப்பாக இருக்கிறது என்பது மாடு மேய்க்கிற தாத்தாவுக்கு முப்பது வருடமாகத் தெரியும்.

நான் ஒரு சம்பவம் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு மலைத்தோட்டத்துக்குப் பின்பக்கம் தீ பிடித்தது. பக்கத்து ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் பச்சைத் தழை ஒடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தண்ணீர் ஏற்றிய வண்டியும் வந்துவிட்டது. தோட்டத்துக்குள் நல்ல ஜீப் பாதை இருக்கிறது, தீயிருக்கும் மேட்டுக்கு நேராகப் போகும். ஆனால் கேட் பூட்டியிருந்தது. முதலாளி சென்னையில். காவலாளி சந்தைக்குப் போயிருந்தார், அவருடைய கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. பூட்டை உடைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, நாளைக்குக் கேஸ் ஆகிவிட்டால்? சுற்றி நடந்துபோய்ச் சேர்வதற்குள் தீ ஓடையைத் தாண்டிவிட்டது. அந்தக் கேட்டை எந்தச் செயற்கைக்கோளும் பார்க்கவில்லை. பார்த்தாலும் சாவி யாரிடம் என்று அதற்குத் தெரியாது.

உங்கள் மகன் போடவேண்டிய படம் அந்தச் சாவியைப் பற்றியது.

எங்கே தண்ணீர் இருக்கிறது? சித்திரையிலும் வற்றாத ஊற்று எது, பண்ணைக்குட்டை எது, யாருடைய போர்வெல்லில் மோட்டார் இருக்கிறது, மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வரும்? டேங்கர் வண்டி எந்த வளைவு வரைக்கும் போகும், எங்கே திரும்ப முடியும்? வனத்துறை வெட்டி வைத்த தீத்தடுப்புக் கோடுகளில் எவை இன்னும் கோடாக இருக்கின்றன, எவற்றில் புல் மூடிவிட்டது? எந்தத் தோட்டத்தில் சோலார் வேலி? எந்தப் பாறைமேல் ஏறினால் கைப்பேசிக்குச் சிக்னல் வரும்? எந்தக் குடிசையில் தனியாக ஒரு பாட்டி இருக்கிறார்? தேனெடுக்கப் போகிற பளியர்கள் எந்த மாதம் எந்தப் பாறைப் பக்கம் இருப்பார்கள்? தீ மேலேறி வந்தால் எந்த ஓடைப்பள்ளத்தில் இறங்கவே கூடாது, எந்த வெட்டவெளிப் பாறையில் நின்றால் பிழைக்கலாம்? இவற்றில் ஒன்றுகூடப் பெங்களூரிலிருந்து தெரியாது. ஊரில் பத்துப் பேர் தலையில் பத்துத் துண்டாக இருக்கிறது. ஒருவர் தலையில் இருப்பது அடுத்தவருக்குத் தெரியாது.

அதனால் முதல் படத்தைக் கணினியில் போட வேண்டாம் என்பேன். கோயில் மரத்தடியில் கோலப்பொடியால் தரையில் போடுங்கள். ஓடை ஒரு கோடு, பாதை ஒரு கோடு, கருப்பசாமி கோயில் ஒரு கல். பெண்களைக் கட்டாயம் கூப்பிடுங்கள். விறகுக்கும் தண்ணீருக்கும் நடந்த கால் அவர்களுடையது, பாதை அவர்களுக்குத்தான் தெரியும். ஆண்கள் முதல் அரைமணி நேரம் எல்லைத் தகராறு பேசுவார்கள், பேசட்டும். அதற்குப் பிறகு மகன் அதையெல்லாம் கைப்பேசி ஜிபிஎஸ்ஸை வைத்து நடந்து குறித்துக்கொண்டு, சரிவுப் படத்தின் மேல் ஏற்றட்டும். அப்போது அந்தச் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் அர்த்தம் வரும்: சிவப்பு மேட்டுக்குக் கீழே தண்ணீரே இல்லை, பக்கத்துக் குட்டையிலிருந்து குழாய் போட 300 மீட்டர் வேண்டும் என்று தெரியும்.

எல்லைத் தகராறு என்றேன். அங்கேதான் படம் பயமுறுத்தவும் செய்யும். கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தடுக்கிறது. அதற்கு முன்பே, 1882ஆம் ஆண்டின் வனச்சட்டத்தில் காப்புக்காட்டில் தீ வைப்பது குற்றம். சட்டம் வேண்டியதுதான். ஆனால் "இந்த மேட்டில் நாலு வருடமாகத் தீ, பக்கத்தில் இன்னார் வீடு" என்று படம் சொன்னால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடாதா என்று மலைக்காரர்கள் நினைப்பார்கள். நினைப்பது நியாயம். தேனெடுப்பவர் மேலும் மாடு மேய்ப்பவர் மேலும் பழி போடுவது கீழே இருக்கிற நமக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கெஸ்ட் ஹவுஸ் கட்ட இடத்தைச் சுத்தம் செய்கிறவரை யாரும் அப்படிக் கேட்பதில்லை.

வடக்கே இமயமலைப் பக்கம், குமாவுன் மலையில் நடந்ததைச் சொன்னால் புரியும். வெள்ளையர் அரசு காடுகளைக் காப்புக்காடாக்கி, மக்கள் புல்லுக்காக வைத்துவந்த தீயைத் தடை செய்தது. 1921இல் மக்கள் கோபத்தில் காட்டுக்கே தீ வைத்தார்கள், பைன் காடுகள் பற்றி எரிந்தன. அரசு விசாரித்து, கடைசியில் 1931இல் ஊர்களே காட்டைப் பார்த்துக்கொள்ளும் வன பஞ்சாயத்துகளுக்கு விதி செய்தது. பக்கத்தில் கர்நாடகத்து பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர் பழங்குடியினர், கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சின்னத் தீ வைத்துவந்தார்கள். 'தரகு பெங்கி' என்று பெயர். அதை நிறுத்திய பிறகு உண்ணிச்செடி பெருகியது என்று அவர்கள் சொல்கிறார்கள். நான் உடனே நம் மலையில் அதைச் செய்யச் சொல்லவில்லை, நம் சோலையும் புல்லும் வேறு. தீயைப் பற்றித் தெரிந்தவர்களைத் தீ வைத்தவர்கள் என்று மட்டும் எழுதிவைத்தால் படத்துக்குத் தகவல் தர யார் வருவார்கள் என்றுதான் கேட்கிறேன்.

எனவே ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஊர்ப் படத்தில் யார் பெயரும் இருக்கக்கூடாது, சாவி வைத்திருப்பவர் பெயரைத் தவிர.

உங்கள் இரண்டாவது கேள்வி, கேட்பார் உண்டா என்பது. தனி ஆளாகப் போனால் இல்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் பேரிடர்த் திட்டம் இருக்கவேண்டும் என்கிறது. காட்டுத்தீக்குத் தேசியச் செயல்திட்டம் 2018இல் வந்தது, மக்கள் பங்கேற்பு பற்றி அதிலும் பேசியிருக்கிறார்கள். காகிதத்தில் கதவு திறந்துதான் இருக்கிறது. நம் பக்கத்துக் கிராம ஊராட்சிகளுக்கு ஜனவரி 26 கிராம சபை. தீப்பருவம் தொடங்குவதற்கு முன்னால் அதைவிடப் பொருத்தமான தேதி கிடையாது. அங்கே தீர்மானமாக ஏற்றி, படத்தின் ஒரு பிரதி வனச்சரகருக்கு, ஒன்று வத்தலக்குண்டு தீயணைப்பு நிலையத்துக்கு, ஒன்று தாசில்தாருக்கு என்று கொடுங்கள். வாங்கியதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சருகு எரிப்பதென்றால் தை முடிவதற்குள்ளேயே, அதிகாலைப் பனி காய்வதற்குள், பக்கத்துத் தோட்டக்காரருக்கும் வனக்காப்பாளருக்கும் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தோடு என்று அதே சபையில் பேசி முடியுங்கள். மாசி பிறந்த பிறகு யாரும் கொளுத்தக்கூடாது. உங்கள் தோப்பு உட்பட. போன கோடையில் வேலி வரைக்கும் வந்த தீ எந்தப் பட்டாவில் பிறந்தது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

படம் ஒரு வருடத்தில் பழசாகிவிடும். புது கேட் வரும், குட்டை தூர்ந்துபோகும், கோடு மூடிக்கொள்ளும். மகன் வருடா வருடம் பொங்கலுக்கு வருவார் என்றால் அதையே திருத்துகிற நாளாக வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பொங்கலுக்கும் வருகிறார் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்? மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாள் காலையில் அவரை ஓடை வழியாக மேலே கூட்டிப்போங்கள். மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும். மாடு மேய்க்கிற பெரியவர் யாராவது கூட வந்தால் நல்லது. போகிற வழியில் எத்தனை கேட் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சாவி யாரிடம் என்று எண்ணிக்கொண்டே போங்கள். திரும்பி வந்து எனக்கு ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
வத்தலக்குண்டிலிருந்து